கண்ணாடித் தொட்டியும் கரியமிலவாயுவும்

மாலை வேளையில் ஒரு வீட்டின் முன்கூடத்திலே கண்ணாடித் தொட்டியொன்று விளக்கொளியிற் பொலிந்து நிற்கின்றது. அதனுள்ளே பசும்புல் விரித்தாற்போன்ற தரை; செந்நிறமும் பொன்னிறமுங் கலந்த இலைகளையுடைய நீர்ச்செடிகள்; அவற்றின் நுனிகளிலே முத்துக்கோத்தாற்போல வெள்ளிக் குமிழிகள்; அவற்றினூடே கூட்டங்கூட்டமாகத் திரியும் சிறு மீன்கள். தொட்டியின் ஓரத்திலே மெல்லிய குழாயொன்று இறங்குகின்றது. அதன் வழியாக அருகிலுள்ள சிலிண்டரிலிருந்து கரியமிலவாயு நுண்குமிழிகளாக நீரிற் கலக்கின்றது. பார்ப்போர் வியக்கின்றனர். வீட்டார் மகிழ்ந்து விளக்கை அணைத்துவிட்டு உறங்கச் செல்கின்றனர்.

மறுநாட் காலையில் அதே தொட்டியிற் காணுங் காட்சி வேறு. மீன்கள் யாவும் நீர்மட்டத்தில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. சில பக்கவாட்டிற் சாய்ந்து மிதக்கின்றன. சில தரையிற் கிடக்கின்றன. நீரோ தெளிந்திருக்கின்றது. உணவு மிகுதியாக இடப்படவில்லை. நோயின் அடையாளம் எதுவும் மீன்களின் உடலில் இல்லை. செடிகளோ முன்னினும் செழித்து நிற்கின்றன. பின்னர் இம்மீன்களைக் கொன்றது யாது?

செடிகளைச் செழிப்பித்த அதே வாயுதான் மீன்களைக் கொன்றது. பள்ளிக்கூட நூல்கள் காபனீரொட்சைட்டு எனக் குறிப்பிடும் கரியமிலவாயு செடிக்கு உணவு. மீனுக்கோ அது தன் உடலினின்றும் வெளியேற்ற வேண்டிய கழிவு. ஒன்றின் உணவாகவும் மற்றொன்றின் கழிவாகவும் உள்ள இப்பொருளை மனிதன் எவ்வாறு அறிந்தான், அறிந்ததை எவ்வாறு மறந்தான், மறந்ததனால் எவ்வுயிர்கள் வருந்தின என்பது இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு. அவ்வரலாற்றைச் சிறிது நோக்குவோமாயின், நம் வீட்டுத் தொட்டியிலுள்ள மீனைக் காக்கும் வழியும் தானே புலப்படும்.

காற்று என்பது ஒரே பொருளன்று, பல வாயுக்களின் கலப்பு என்னும் உண்மை நெடுங்காலம் அறியப்படாதிருந்தது. 1750களில் ஸ்கொத்லாந்து நாட்டு மருத்துவரான யோசேப் பிளாக் என்பார், சுண்ணக்கல் முதலியவற்றுள் ஒருவகை வாயு கட்டுண்டு கிடப்பதையும், சூட்டினாலோ அமிலத்தினாலோ அது விடுபடுவதையும் கண்டார். அதற்கு 'நிலைப்பட்ட வாயு' என்று பெயரிட்டார். மனிதர் விடும் மூச்சிலும் அதுவே உள்ளதென்பதை அவர் சுண்ணாம்பு நீரைக் கொண்டு காட்டினார். தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஊதினால் அது பாலைப்போல வெளுக்கும் என்பது இன்று பள்ளிச் சிறுவரும் செய்து பார்க்குஞ் சோதனை. அந்த நிலைப்பட்ட வாயுவே நமது கரியமிலவாயு.

இவ்வாயுவின் கதையில் அடுத்து வருபவர் யோசேப் பிரீஸ்ட்லி. இவர் ஆங்கில நாட்டுச் சமயகுரவர். லீட்ஸ் நகரில் இவர் வாழ்ந்தபோது வீட்டருகே மதுவடிக்கும் சாலையொன்று இருந்தது. அங்கே நொதிக்கும் தொட்டிகளின்மேல் இந்நிலைப்பட்ட வாயு படலமாகத் தங்கியிருத்தலை இவர் கண்டார். அதனை நீரிற் கலந்தபோது நீர் இனிய புளிப்புச் சுவை பெற்றது. 1772ஆம் ஆண்டில் அம்முறையை விளக்கி ஒரு சிறுநூல் வெளியிட்டார். நாம் இன்று கடைகளில் வாங்கிக் குடிக்கும் சோடா நீரின் பிறப்பு இதுவே. கரியமிலவாயு நீரில் எளிதிற் கரையும், கரைந்த நீரைச் சிறிது அமிலமாக்கும் என்பதை நேயர்கள் இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும். நமது கதையின் இறுதியில் இவ்வுண்மை மீண்டும் வரும்.

பிரீஸ்ட்லியின் மற்றொரு சோதனை இதனினும் பெரிது. மூடிய கலமொன்றிலே மெழுகுவர்த்தி எரிந்து அணைந்தபின், அக்காற்றில் வேறொரு வர்த்தி எரிவதில்லை. 1771ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17ஆம் நாள் அத்தகைய கெட்ட காற்றினுள் புதினாச் செடியின் சிறு கொப்பொன்றை அவர் வைத்தார். பத்து நாட்களின் பின், 27ஆம் நாள், அக்காற்றிலே மற்றொரு வர்த்தியை இட்டபோது அது நன்றாக எரிந்தது. விலங்குகள் கெடுத்த காற்றைச் செடிகள் திருத்துகின்றன என்னும் பேருண்மை இவ்வாறு வெளிப்பட்டது. ஆயினும் பிரீஸ்ட்லியின் சோதனை சில வேளை பலித்தது. சில வேளை பலிக்கவில்லை. மற்றவர்கள் செய்தபோதும் அவ்வாறே. காரணம் என்னவென்பது அவருக்கு விளங்கவில்லை.

அக்காரணத்தைக் கண்டவர் ஒல்லாந்து நாட்டு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ். வியன்னா நகரில் பேரரசி மரியா தெரேசாவின் அரசவை மருத்துவராக விளங்கிய இவர், 1779ஆம் ஆண்டின் கோடைகாலத்தை இலண்டனுக்கு அண்மையில் ஒரு நாட்டுப்புற வீட்டிற் கழித்து, ஐந்நூறுக்கு மேற்பட்ட சோதனைகளைச் செய்தார். பச்சை இலைகளை நீருள் அமிழ்த்தி வெயிலில் வைத்தபோது அவற்றின்மேற் குமிழிகள் அரும்பின. நிழலுக்கு மாற்றியபோது அவை நின்றன. அக்குமிழிகளைச் சேர்த்துப் பார்த்தபோது அது தூய பிராணவாயு, அதாவது ஒட்சிசன், எனத் தெரிந்தது. நம் வீட்டுத் தொட்டியில் இலைநுனிகளில் மின்னும் வெள்ளி முத்துக்களும் அவையே.

ஆனால் இங்கன்ஹவுஸ் அத்துடன் நின்றாரல்லர். ஒளியில்லாத இடத்தில் அதே இலைகள் காற்றைத் திருத்துவதற்கு மாறாகக் கெடுக்கின்றன என்பதையும் அவர் கண்டார். செடியும் ஓர் உயிரே. விலங்குகளைப் போல அதுவும் இரவும் பகலும் பிராணவாயுவை உண்டு கரியமிலவாயுவை விடுகின்றது. பகலிற் செய்யும் உணவாக்கம் அதனினும் மிகுதியாக நடைபெறுவதால் அது மறைந்து நிற்கின்றது. இரவில் அது வெளிப்படுகின்றது. செடிகள் வெயிலிற் காற்றைத் தூய்மைசெய்யும், நிழலிலும் இரவிலும் அதற்குத் தீங்குசெய்யும் என்னும் இரு கூற்றையும் அவர் தம் நூலின் தலைப்பிலேயே பொறித்துவைத்தார். பகலின் விதி ஒன்று. இரவின் விதி வேறொன்று. இவ்வொரு வாக்கியத்தை மனிதர் மறவாதிருந்திருப்பின் எத்தனையோ ஆயிரம் மீன்கள் பிழைத்திருக்கும்.

இவருக்குப் பின் ஜெனீவா நகரத்தார் இருவர் இத்துறையில் உழைத்தனர். 1782ஆம் ஆண்டில் யோன் செனெபியே என்பார், செடி பிராணவாயுவை வெளியிடுவதற்கு நீரிலோ காற்றிலோ கரியமிலவாயு இருத்தல் வேண்டும் என்பதைக் காட்டினார். 1804ஆம் ஆண்டில் தெ சொசூர் என்பார் தராசும் அளவுகோலுங் கொண்டு இதனைக் கணக்கிட்டார். பட்டாணிச் செடிகளைப் பலவேறு அளவிற் கரியமிலவாயு கலந்த காற்றில் வளர்த்துப் பார்த்தார். பன்னிரண்டில் ஒரு பங்கு கரியமிலவாயு கலந்த காற்றிலே, வெயிலில் நின்ற செடிகள் சாதாரணக் காற்றில் நின்றவற்றைவிட நன்கு வளர்ந்தன. அளவு மேலும் மிகுந்தபோது அவை நலிந்தன. நிழலில் நின்றவற்றுக்கோ கூட்டிக்கொடுத்த வாயு நன்மை தரவில்லை, தீமையே செய்தது. கரியமிலவாயுவைக் கூட்டிக்கொடுத்தாற் செடி செழிக்கும் என்பதும், ஒளியின்றிக் கொடுத்தாற் கேடு விளையும் என்பதும், அளவு கடந்தாற் செடிக்கே ஆகாதென்பதும் 1804ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டுவிட்டன என்பது வியப்பன்றோ?

இவ்வறிவு ஆய்வுகூடத்தினின்றும் வீட்டுக் கூடத்துக்கு வந்த வரலாறு சுவையானது. இலண்டனின் கிழக்குப்புறத்திற் புகைமண்டிய தெருவொன்றிலே வாழ்ந்த நதானியேல் வாட் என்னும் மருத்துவர், 1829ஆம் ஆண்டளவிலே மூடிய போத்தலொன்றுக்குள் ஈரமண்ணில் ஒரு பன்னச்செடி தானே முளைத்து வளர்வதைக் கண்டார். அதிலிருந்தே செடிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்க்கும் வழக்கம் எழுந்தது. அதே காலத்திற் சிசிலித் தீவிலே ஜீன் வில்பிரே பவர் என்னும் பெண்மணி, கடல்வாழுயிர்களை ஆராய்வதற்குக் கண்ணாடித் தொட்டிகளை அமைத்தார். 1845ஆம் ஆண்டிற் பிரித்தானிய அரசு கண்ணாடிமீது விதித்திருந்த வரியை நீக்கியது. அதுவரை செல்வர்க்கே கிட்டிய பெருங்கண்ணாடித் தகடு நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டலாயிற்று.

1846ஆம் ஆண்டில் அனா தின் என்னும் அம்மையார் தென்கடற்கரையிலிருந்து பவளப்பூச்சிகளை இலண்டனுக்குக் கொண்டுவந்து சாடிகளில் வளர்த்தார். கடலினின்றும் நெடுந்தொலைவிலுள்ள நகரில் நாடோறும் புதிய கடனீர் பெறுதல் எளிதன்று. ஆகவே அவர், பழைய நீரையே ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்துக்குத் திறந்த யன்னலருகே மாறிமாறி ஊற்றும்படி பணிப்பெண்ணை ஏவினார். நீரிலே காற்றுப் படுதலே உயிர்களைக் காக்கும் என்பது அவர்தம் கருத்து. பின்னர் கடற்பாசியையும் அதிற் சேர்த்தார். இன்று மின்சாரக் காற்றுப்பம்பி செய்யுந் தொழிலை அன்று பெயர் அறியப்படாத அப்பணிப்பெண்ணின் கைகள் செய்தன எனலாம்.

இவையெல்லாவற்றையும் ஒருங்கு சேர்த்து விதியாக வகுத்தவர் இலண்டன் மருந்தாளர் மண்டபத்தில் வேதியியலாளராக இருந்த றொபேட் வாரிங்டன். 1849ஆம் ஆண்டில் அவர் பெரிய கண்ணாடிக் கலமொன்றில் ஊற்றுநீரும் மணலும் சேறுங் கற்களும் இட்டு, நாடாப்போல நீண்ட இலைகளையுடைய வலிஸ்னேரியாச் செடியை நட்டு, இரண்டு பொன்மீன்களை விட்டார். செடி தரும் பிராணவாயுவை மீன் கொள்ளும்; மீன் விடும் கரியமிலவாயுவைச் செடி கொள்ளும்; நீரை மாற்றவே வேண்டியதில்லை என்பது அவர் எதிர்பார்ப்பு. சில நாளிற் செடியின் பழைய இலைகள் அழுகின; நீர் கலங்கியது; கண்ணாடியிற் பாசி படிந்தது. மீன்களுக்கு ஆபத்து நெருங்கியது. அப்போது அவர் சில குளத்து நத்தைகளை உள்ளே விட்டார். நத்தைகள் அழுகிய இலைகளைத் தின்றன, நீர் தெளிந்தது. 1850ஆம் ஆண்டில் இச்செய்தியை அவர் இலண்டன் வேதியியற் கழகத்தின் முன்னர் வைத்தார். மீன், செடி, நத்தை என்னும் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் சமநிலை என்னும் கொள்கை இவ்வாறு பிறந்தது.

1853ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டன் விலங்கியற் பூங்காவிலே உலகின் முதலாவது பொது மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. அதற்கு உயிரினங்களைத் திரட்டித் தந்தவர்களுள் ஒருவரான பிலிப் ஹென்றி கொஸ் என்பார் 1854ஆம் ஆண்டில் 'அக்குவேரியம்' என்னும் பெயருடைய நூலை வெளியிட்டார். அச்சொல் அவராலேயே வழக்கிற்கு வந்தது. மீன்தொட்டி வைத்தல் ஆங்கில நாட்டில் ஒரு மோகமாகவே பரவிற்று. வாரிங்டன் அரும்பாடுபட்டுக் கண்ட சமநிலையைப் பொறுமையின்றிப் பின்பற்றியவர்கள் சிறு தொட்டியிற் பல மீன்களை அடைத்தனர். செடி இருக்கின்றது, ஆகவே மீன் பிழைக்கும் என நம்பினர். இங்கன்ஹவுஸ் எழுதிவைத்த இரவின் விதியை எவரும் எண்ணினாரல்லர்.

இந்நம்பிக்கை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்காலம் நிலவியது. 1949ஆம் ஆண்டில் அமெரிக்க மீனியலறிஞர் யேம்ஸ் அட்ஸ், சமநிலைத் தொட்டி என்பது ஒரு கட்டுக்கதை என எடுத்துக்காட்டினார். சாதாரணத் தொட்டியில் மீனுக்குப் பிராணவாயு தருவதில் செடியைவிட நீரின் மேற்பரப்பே பெரும்பங்கு கொள்கின்றது. நீர் காற்றைத் தொடும் அப்பரப்பின் வழியே பிராணவாயு உள்ளே செல்கின்றது. மிகுதியான கரியமிலவாயு வெளியே போகின்றது. இரவிலும் பகலிலும் ஓயாது திறந்திருக்கும் யன்னல் அதுவே. அனா தின் அம்மையாரின் பணிப்பெண் நீரை மாறிமாறி ஊற்றியபோது செய்தது அந்த யன்னலை அகலத் திறந்ததே.

இனி, மீனின் உடலினுள்ளே நிகழ்வது யாதென நோக்குவோம். மீன் தன் செவுள்களால், நம்மவர் மீன்பூ என வழங்கும் அச்சிவந்த இதழ்களால், நீரிலுள்ள பிராணவாயுவை இரத்தத்திற் சேர்க்கின்றது. இரத்தத்திலுள்ள கரியமிலவாயுவை நீரில் விடுகின்றது. இரத்தத்திலுள்ளதைவிட நீரிலுள்ளது குறைவாயிருந்தாலன்றி அவ்வாயு வெளியேறாது. நீரில் அது மிகுந்தால், மேட்டுநிலத்துக்கு நீர் பாயாததுபோல, மீனின் கழிவு உள்ளேயே தேங்குகின்றது. இரத்தம் அமிலமாகின்றது.

1904ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டறிஞர் கிறிஸ்தியன் போஹ்ர், தம் துணைவர்களான ஹாசெல்பால்க், குறோ என்பாருடன் சேர்ந்து, கரியமிலவாயு மிகும்போது இரத்தம் பிராணவாயுவைப் பற்றிக்கொள்ளும் வலி குறைகின்றது என்பதைக் கண்டார். 1931ஆம் ஆண்டில் ரூட் என்னும் அறிஞர் மீன்களின் இரத்தத்தை ஆராய்ந்து, இதனினும் கடுமையான ஒன்றை வெளியிட்டார். பல மீன்களின் இரத்தம் அமிலமாகும்போது, சூழலிற் பிராணவாயு நிறைந்திருந்தாலும் அதனை முழுமையாக ஏற்கும் ஆற்றலையே இழந்துவிடுகின்றது. உணவு நிறைந்த அறையிற் கைகட்டப்பட்டுப் பசியால் வாடுவான் ஒருவனின் நிலையே அம்மீனின் நிலை. இலைகள் முத்துமுத்தாகப் பிராணவாயுவைச் சொரிகின்றன, ஆகவே மீனுக்குக் குறைவில்லை என்று நினைப்போர் இவ்வுண்மையை உணர்தல் வேண்டும்.

இந்நிலையிலேதான் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தொட்டிக்குள் கரியமிலவாயுவை வேண்டுமென்றே செலுத்தும் வழக்கம் தோன்றியது. 1970களிலும் 1980களிலும் ஜெர்மானிய மீன்வளர்ப்போர் இதற்கான கருவிகளைச் சீர்செய்தனர். ஜப்பானிலே நீகாத்தா மாநிலத்திற் பிறந்த தக்காசி அமானோ என்னும் ஒளிப்படக் கலைஞர், மலையுங் காடும் புல்வெளியும் நீருள் நிற்பனபோலத் தொட்டிகளை அமைத்து உலகின் கண்ணைக் கவர்ந்தார். 1982ஆம் ஆண்டில் இதற்கென ஒரு நிறுவனத்தையும் தொடங்கினார். அவர் முதலில் தொட்டியினுள் சோடா நீரை ஊற்றிப் பார்த்தே இம்முறையை ஆராயத் தொடங்கினார் என்று கூறுவர். பிரீஸ்ட்லியின் சோடா நீர் இருநூறு ஆண்டுகளின் பின் மீண்டும் செடியைத் தேடி வந்தது போலும்! அமானோ 2015ஆம் ஆண்டில் மறைந்தார். அவ்வாண்டில் லிஸ்பன் நகர மீன் காட்சிசாலையில் அவர் அமைத்த தொட்டி 40 மீற்றர் நீளமும் 1,60,000 லீற்றர் நீருங் கொண்டது.

நீர்ச்செடிக்கு இவ்வாயுவைக் கூட்டிக்கொடுக்க வேண்டுவதேன்? நீரினுள் கரியமிலவாயு பரவும் வேகம் காற்றில் அது பரவும் வேகத்திற் பதினாயிரத்தில் ஒரு பங்கே. காற்றுடன் ஒத்து நிற்கும் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ அரை மில்லிகிராம் அளவே அது கரைந்திருக்கும். வலிய விளக்கின்கீழ் நிற்கும் செடி அதனை விரைவில் உண்டு தீர்த்துவிடும். ஆகவே வளர்ப்போர் அதனை 20 அல்லது 30 மில்லிகிராம் வரை உயர்த்துகின்றனர். செடிக்கு இது விருந்து. ஆனால் காற்றுடன் ஒத்து நிற்கும் நீரில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு அளவான ஒரு பொருளினுள் மீன் மூச்சுவிட வேண்டியிருக்கின்றது. முப்பது என்னும் எண்ணுக்கு மந்திர வலிமை எதுவுமில்லை. மீன்குஞ்சுகள், நோயுற்ற மீன்கள், சிறு இறால்கள் ஆகியன அதற்குக் குறைந்த அளவிலேயே வருந்தக்கூடும். மீனின் உடல் இம்மாற்றத்துக்குத் தன்னை ஓரளவு இசைவித்துக்கொள்ளும். ஆயின் அதற்கு நேரம் வேண்டும். ஆகவே வாயுவைச் சிறிதுசிறிதாக, பல நாட்களிற் கூட்டுதலே முறை. ஒவ்வொரு முறை கூட்டும்போதும் வீட்டில் ஒருவர் இருந்து மீன்களைக் கவனித்தல் வேண்டும். கூட்டிவிட்டு ஊருக்குப் புறப்படுதல் ஆகாது.

அளவை அறிவதற்கு வழி உண்டு. இவ்வாயு நீரை அமிலமாக்கும் எனக் கண்டோம். நீரின் காபனேற்றுக் கடினம் மாறாதிருக்கையில், அமிலநிலையைக் காட்டும் பீஎச் எண் ஒன்று குறைந்தால் கரைந்த வாயு பத்து மடங்காகியது என்பது பொருள். காபனேற்றுக் கடினம் ஜெர்மானிய அளவில் 4 ஆகவுள்ள நீரில் பீஎச் எண் 6.6 ஆயின் வாயுவின் அளவு ஏறத்தாழ 30 மில்லிகிராம். எளிய முறையொன்றும் உண்டு. புரோமோதைமோல் நீலம் கலந்த நீரையுடைய சிறு கண்ணாடிச் சிமிழைத் தொட்டியுள் ஒட்டிவைப்பர். வாயு குறைந்தால் நீலம், அளவாயிருந்தாற் பச்சை, மிகுந்தால் மஞ்சள். ஆனால் அந்நிறம் மாறுவதற்கு ஒன்றிரண்டு மணிநேரம் ஆகலாம். சிமிழ் பச்சையாயிருக்க, மீன் மேலே வந்து மூச்சுத் திணறுமாயின், மீனையே நம்புக. உயிருள்ள அளவுகோல் அதுவே.

இரவின் விதியை இங்கே மீண்டும் நினைவுகூர்க. விளக்கு அணைந்ததும் செடி வாயுவை உண்ணுதலை நிறுத்துகின்றது. தானும் மீனுடன் சேர்ந்து பிராணவாயுவைக் கொள்ளத் தொடங்குகின்றது. மணலிலும் வடிகலத்திலும் வாழும் நுண்ணுயிர்களும் அவ்வாறே. அப்போதும் சிலிண்டர் திறந்திருப்பின், உண்பார் இல்லாத உணவு நஞ்சாய்த் திரளுகின்றது. ஆகவே விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணிநேரம் முன்னர் வாயுவைத் திறந்து, அணைவதற்கு ஒரு மணிநேரம் முன்னரே அடைத்துவிடுதல் வேண்டும். மறதிக்கு இடமின்றி மணிக்கூட்டுச் சுவிட்சும் மின்வால்வும் இதனைத் தாமே செய்யுமாறு அமைக்கலாம். இரவெல்லாம் காற்றுப்பம்பி இயங்கினால் மேற்பரப்பு கலங்கும். தேங்கிய வாயு வெளியேறும். பகலிலும் நீர்மட்டம் மெல்ல அலையுமாறு வடிகலத்தின் வாயைத் திருப்பிவைத்தல் நலம். அதனாற் சிறிது வாயு வீணாகும் என வருந்துவோர் உளர். வாயுவுக்கு விலை உண்டு. உயிருக்கு விலை இல்லை.

கருவியின் குற்றமும் மீனைக் கொல்லும். சிலிண்டரினுள் கரியமிலவாயு பெரும் அமுக்கத்தில் திரவமாக நிற்கின்றது. அத்திரவம் தீரும் தறுவாயில் உள்ளமுக்கம் வீழ்கின்றது. அப்போது ஒற்றைப்படி அமுக்கச் சீராக்கிகள் சிலவற்றில், எதிர்பார்ப்புக்கு மாறாக, வெளிவரும் அமுக்கம் உயர்ந்து, எஞ்சிய வாயு ஒரேயடியாகத் தொட்டியுள் பாய்ந்துவிடும். அமுக்கமானியின் முள் இறங்கத் தொடங்கியதும் சிலிண்டரை மாற்றிவிடுதலே பாதுகாப்பு. சிலிண்டரை நிமிர்த்தி, சாயாதவாறு கட்டி, வெயிலும் அடுப்பும் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தல் வேண்டும். மூடிய சிற்றறையில் இவ்வாயு கசிந்தால் அது மனிதர்க்கும் ஆபத்தே.

சீனியும் மதுவமும் கலந்த போத்தலிலிருந்து வாயுவைப் பெறுவோரும் உண்டு. பிரீஸ்ட்லி கண்ட மதுச்சாலைத் தொட்டியின் சிறுவடிவமே அது. செலவு குறைவெனினும் அதனை இரவில் நிறுத்த இயலாது. வெப்பம் மிகுந்தால் நொதித்தல் விரையும், வாயுவும் பெருகும். அதே வேளையில் வெப்ப நீர் பிராணவாயுவைக் குறைவாகவே ஏற்கும். 20 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையுமாயின், 30 பாகையில் ஏழரை மில்லிகிராமே கரையும். நம் நாட்டைப் போன்ற வெப்பநாடுகளில் இருமடங்கு விழிப்பு வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். போராளி மீன், குறாமி போன்றவை மேலே வந்து காற்றையே குடிக்க வல்லனவாதலின் அவற்றுக்கு அச்சமில்லை எனக் கருதுதலும் தவறு. அவை பிராணவாயுவை மேலிருந்து பெற்றாலும் கரியமிலவாயுவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே நீரில் விடுகின்றன.

மீன்கள் மேலே வந்து வாய்திறத்தல், செவுள் விரைந்து அடித்தல், நிறம் மங்குதல், நிலைதடுமாறிச் சாய்தல் ஆகியன அபாய அறிகுறிகள். அவற்றைக் கண்டவுடன் முதலில் வாயுவை அடைத்திடுக. அடுத்துக் காற்றுப்பம்பியை இயக்கி நீரைக் கலக்குக. பின் தொட்டி நீரில் ஒரு பகுதியை இறைத்து, குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையுள்ள புதுநீரை மெல்ல ஊற்றுக. பம்பி இல்லாதவிடத்து ஒரு குவளையால் நீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினாலும் போதும். விரைந்து செய்தாற் சாய்ந்து கிடந்த மீனும் எழுந்து நீந்தக் காணலாம்.

இறுதியாக, நம் நாட்டோடு தொடர்புடைய செய்தி ஒன்று. உலகெங்கும் மீன்தொட்டிகளை அணிசெய்யும் கிரிப்டோகொரைன் என்னும் செடியினத்துட் பல வகைகள் இலங்கையின் ஈரவலய ஆறுகளுக்கே உரியன. பேராதனைப் பூங்காவை நடத்திய துவெயிற்ஸ் என்பாரின் பெயரை ஒரு வகை 1857ஆம் ஆண்டிலேயே பெற்றது. இன்று மிகுதியாக வளர்க்கப்படும் வென்ட்டி என்னும் வகை 1958ஆம் ஆண்டிற் பெயர் பெற்றது. அவற்றோடு அதே நிழலோடைகளில் வாழும் செந்நிறச் சிறுமீன் ஒன்றனை 1929ஆம் ஆண்டில் தெரணியகலை என்பார் அறிவியலுலகுக்கு அறிமுகஞ் செய்தார். இச்செடிகள் மரநிழலில் மெல்ல வளரும் இயல்பின. மங்கிய ஒளியில், சிலிண்டர் எதுவுமின்றி, மீன் விடும் மூச்சையும் மண்ணிலிருந்து எழும் சிறிதளவு வாயுவையுங் கொண்டே அவை வாழ வல்லன. செடி நட்டவர் யாவரும் வாயுவைச் செலுத்தியே ஆகவேண்டும் என்பதில்லை. விளக்கை வலிதாக்கி, விரைவான வளர்ச்சியை விரும்புவோர்க்கே அது வேண்டுவது. பொறுமையுடையார்க்கு இயற்கை போதிய அளவு தருகின்றது.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நம் பழமொழி. தெ சொசூர் தராசிலிட்டுக் கண்டதும், இரத்தத்தை ஆராய்ந்தோர் கண்டதும் அதுவே. ஆற்றில் வாழும் மீனுக்கு ஓரிடத்து நீர் ஆகாதாயின் வேறிடம் செல்ல வழியுண்டு. கண்ணாடிக்குள் நாம் அடைத்த மீனுக்கு அவ்வழி இல்லை. கூவியழைக்கக் குரலும் இல்லை. அதன் ஆறும் காற்றும் பகலும் இரவும் நம் கையிலேயே உள்ளன. ஆகவே இன்றிரவு விளக்கை அணைக்கச் செல்லும்போது, வாயுக்குழாய் அடைக்கப்பட்டதா, நீர்மட்டம் அலைகின்றதா என ஒருகணம் நின்று பார்த்தல் வளர்ப்போர் கடமை. இங்கன்ஹவுஸ் எழுதிவைத்த இரவின் விதி அந்த ஒரு கணத்திலே நிறைவேறுகின்றது.